கேம் ஆடினால் கவனம் கூடுமா? நான் சொன்னதைத் திரும்பப் பார்க்கிறேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். சாப்பிட்டியா, தூங்கினியா என்ற விசாரிப்பெல்லாம் இல்லை. "டேய், வீடியோ கேம் ஆடினா மூளைக்கு நல்லதுன்னு நீதானே சொன்னே?"

சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "ஆக்‌ஷன் கேம் ஆடுறவங்களுக்குக் கவனம் அதிகம், நேச்சர் பத்திரிகையிலேயே வந்திருக்கு" என்று அடித்துவிட்டேன். அதோடு நிற்காமல் இங்கேயும் ஒரு பதிவு போட்டேன். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த அக்கா பையன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். இப்போது ஏழாவது. இந்த மூன்று வருடமும் கையிலிருந்து போனை வாங்கும்போதெல்லாம் "மாமாவே சொல்லியிருக்காங்க" என்பதுதான் அவனுடைய வாதம்.

ஆனால் அக்கா அன்று கேட்டது சண்டை போட அல்ல. அவன் பள்ளியில் ஒரு பயிற்சி நிறுவனம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. கேம் மூலமாகக் கவனம், ஞாபகசக்தி, சிந்திக்கும் திறன் மூன்றையும் வளர்க்கும் கோர்ஸ். ஆறு மாதத்துக்குப் பதினெட்டாயிரம் ரூபாய். வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினாள். பின்பக்கத்தில் "அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நான் கல்யாண வீட்டில் சொன்ன அதே 2003 ஆய்வு. "நீயும் இதைத்தானே சொன்னே. கட்டிடலாமா?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பேச்சுவாக்கில் சொன்னதும் அவர்கள் விற்பதும் ஒரே வாக்கியம். அந்த ஆய்வை நான் உண்மையில் முழுசாகப் படித்ததில்லை. சுருக்கத்தையும் ஒரு செய்திக் கட்டுரையையும் படித்திருந்தேன், அவ்வளவுதான். "ஒரு வாரம் டைம் குடுக்கா" என்றேன். மூன்று வாரம் ஆனது.

அந்த ஆய்வின் கதை எங்களைப் போன்ற ஆட்களுக்கு ரொம்பப் பழக்கமான இடத்தில் ஆரம்பிக்கிறது: கோடில் பக் இருக்கிறதோ என்ற சந்தேகம். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாஃப்னி பவேலியர் என்பவரின் ஆய்வகம். காது கேளாதவர்களின் பார்வை எப்படி வேறுவிதமாக வேலை செய்கிறது என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஷான் கிரீன் என்ற மாணவர் அதற்கான கம்ப்யூட்டர் டெஸ்டை எழுதினார். எழுதியதைத் தானே ஓட்டிப் பார்த்தார். ஸ்கோர் நம்ப முடியாத அளவு அதிகம். நண்பர்களை உட்கார வைத்தார், அவர்களுக்கும் அப்படியே. பவேலியர் செய்து பார்த்தபோது மட்டும் சாதாரண ஸ்கோர். ஆக, டெஸ்டில் தப்பில்லை. கிரீனும் அவர் நண்பர்களும் சுடுகிற கேம்களை மணிக்கணக்கில் ஆடுகிறவர்கள்.

எனக்கு இந்தக் கதை இன்றைக்கும் பிடிக்கும். பக் என்று மூடி வைத்திருக்க வேண்டியதை ஒருவர் தோண்டிப் பார்த்திருக்கிறார். 2003-இல் நேச்சரில் வந்த கட்டுரையில் சில சின்னச் சின்னச் சோதனைகள். ஒன்றில், திரையில் சில சதுரங்கள் கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறையும். எத்தனை என்று சொல்ல வேண்டும். கேம் ஆடாதவர்கள் ஏறக்குறைய மூன்று வரை பார்த்த மாத்திரத்தில் சரியாகச் சொன்னார்கள். ஆடுகிறவர்கள் ஏறக்குறைய ஐந்து வரை. இன்னொன்றில், பார்வையின் ஓரத்தில் ஒரு கணம் தோன்றும் உருவம் எந்தப் பக்கம் வந்தது என்று சொல்ல வேண்டும். அதிலும் ஆடுகிறவர்களே மேல்.

இது வெறும் ஒப்பீடு. கூடைப்பந்து ஆடுகிறவர்கள் உயரமாக இருக்கிறார்கள். ஆடியதால் உயர்ந்தார்களா, உயரமாக இருந்ததால் ஆட வந்தார்களா? கிரீனுக்கும் பவேலியருக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால்தான் கேம் ஆடாதவர்களைக் கூட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி 'மெடல் ஆஃப் ஹானர்' ஆட வேண்டும், இன்னொரு பாதி 'டெட்ரிஸ்'. தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். கடைசியில் முதல் பாதி அதிகம் முன்னேறியது. நோட்டீஸில் "நிரூபிக்கப்பட்டது" என்று இருப்பது இதைத்தான். ஒவ்வொரு பாதியிலும் பத்துப் பேர்கூட இல்லை என்பது நோட்டீஸில் இல்லை. நான் கல்யாண வீட்டில் சொன்னதிலும் இல்லை.

சரி, பத்துப் பேரோ ஆயிரம் பேரோ, எதற்கு இரண்டாவது பாதி? "முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட், மார்க் ஏறினா கேம் வேலை செஞ்சதுன்னுதானே அர்த்தம்?" என்று அக்கா போனில் கேட்டாள். நோட்டீஸில் இருக்கும் "எங்கள் மாணவர்களின் முன்னேற்றம்" என்ற பட்டை வரைபடமும் அப்படித்தான் போட்டிருக்கிறது. இதற்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை பைத்தானில் அந்தச் சதுரம் எண்ணும் டெஸ்டை எழுதினேன். என் லேப்டாப் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். மூன்று ஃபிரேம் காட்டினால் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. ஒன்றிலிருந்து பத்து வரை ஏதோ ஒரு எண்ணிக்கை, தினம் நூறு முறை, பதினாலு நாள். எந்த கேமும் ஆடவில்லை. முதல் நாள் நூற்றுக்கு 58 சரி. பதினாலாம் நாள் 81.

என் மூளை இரண்டு வாரத்தில் இத்தனை வளர்ந்திருந்தால் ஆபீசில் யாராவது கவனித்திருப்பார்கள். நடந்தது வேறு. திரையின் நடுவில் கண்ணை நிறுத்தக் கற்றுக்கொண்டேன். ஐந்துக்கு மேல் போனால் இரண்டு கொத்தாகப் பிரித்துப் பார்க்க வந்தது. நானே எழுதிய புரோகிராம் என்பதால், சதுரங்கள் நெருக்கமாக விழுந்தால் எட்டுக்கு மேல் என்பதுகூடப் பிடிபட்டுவிட்டது. டெஸ்டே ஒரு பயிற்சி. ஒரு டெஸ்டை இரண்டாம் முறை எழுதுகிற யாருக்கும் மார்க் ஏறும். அந்த ஏற்றத்தைக் கழிக்கத்தான் இரண்டாவது குழு. ஒப்பீட்டுக் குழு இல்லாத வரைபடம், கோர்ஸில் சேராமல் டெஸ்ட் மட்டும் எழுதிய பையனுக்கும் அப்படியேதான் இருக்கும்.

(ஒரே ஆள், அதுவும் விடை தெரிந்த ஆள் செய்த சோதனை. இதை யாரும் எங்கேயும் மேற்கோள் காட்ட வேண்டாம்.)

ரோசெஸ்டர் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருந்தது. அப்படியானால் அதை நம்பலாம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். 2008-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வால்டர் பூட்டும் மற்றவர்களும் இதையே பெரிதாகச் செய்தார்கள். பத்து மணி நேரத்துக்குப் பதிலாக இருபது மணி நேரத்துக்கும் மேல். அதே மெடல் ஆஃப் ஹானர், அதே டெட்ரிஸ், கூட 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' என்ற வியூக கேம். ஏற்கெனவே பல வருடம் ஆடியவர்கள் சில சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். புதிதாகப் பழகியவர்களிடம் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை. கூடைப்பந்து உதாரணம் திரும்ப வந்து நின்றது.

இந்த ஆய்வாளர்களில் ஒருவர் டேனியல் சைமன்ஸ். பந்து பாஸ் செய்வதை எண்ணச் சொல்லிவிட்டு நடுவில் கொரில்லா வேஷம் போட்டவரை நடக்கவிட்ட அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்களே, அதைச் செய்த இருவரில் ஒருவர். எல்லோரும் பார்த்தும் பார்க்காததைக் காட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. பூட்டும் அவரும் கேம் ஆய்வுகளிலும் அப்படி ஒன்றைப் பிடித்தார்கள்: ஆடுகிறவர்களின் எதிர்பார்ப்பு. மருந்துச் சோதனையில் வெறும் சர்க்கரை மாத்திரையும் அதே நிறம், அதே அளவில் இருக்கும். தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. கேமில் அது நடக்குமா? நாலு பக்கமும் எதிரி சுடுகிற கேம் ஆடியவரிடம் "திரையின் ஓரத்தில் வந்ததைக் கண்டுபிடி" என்று டெஸ்ட் கொடுத்தால், இது எதற்கான சோதனை என்று அவருக்குப் புரிந்துவிடும். டெட்ரிஸ் ஆடியவருக்கு அப்படி எந்த நினைப்பும் இருக்காது.

இதை அவர்கள் ஊகமாக விடவில்லை. 2013-இல், எந்தப் பயிற்சியும் எடுக்காத ஆட்களுக்கு ஒரு கேமின் வீடியோத் துண்டைக் காட்டி, சோதனைகளை விளக்கி, "இதை ஆடினால் எந்தச் சோதனையில் முன்னேறுவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். ஆக்‌ஷன் கேம் பார்த்தவர்கள் கண்ணும் கவனமும் கூடும் என்றார்கள். டெட்ரிஸ் பார்த்தவர்கள் உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் சோதனையில் முன்னேறுவோம் என்றார்கள். ஆய்வுகளில் எங்கெங்கே முன்னேற்றம் வந்ததோ, ஏறக்குறைய அங்கங்கேதான் ஜனங்கள் எதிர்பார்த்ததும். ஆகவே கேம் ஒன்றுமே செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கேம் செய்ததையும் நம்பிக்கை செய்ததையும் பிரிக்க அந்த ஆய்வுகளில் வழியில்லை என்றுதான் அர்த்தம்.

நம்பிக்கை எவ்வளவு செய்யும்? என்னைக் கொஞ்ச நேரம் எழுந்து நடக்க வைத்தது 2016-இல் வந்த ஒரு ஆய்வு. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபரூகியும் குழுவினரும் வளாகத்தில் இரண்டு விதமான நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒன்றில் "மூளைப் பயிற்சி, அறிவுத்திறன் கூடும்" என்ற ரீதியில் விளம்பரம். இன்னொன்றில் வெறுமனே "ஆய்வில் கலந்துகொள்ள வாருங்கள்". ஒவ்வொன்றையும் பார்த்து 25 பேர் வந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அதே ஒரு மணி நேரப் பயிற்சி, அதே அறிவுத்திறன் சோதனை. முதல் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்களுக்கு ஐக்யூ கணக்கில் 5 முதல் 10 புள்ளி வரை ஏறியது. இரண்டாவது கூட்டத்துக்கு ஏறவில்லை. ஒரு மணி நேரப் பயிற்சியில் யாருக்கும் புத்தி வளராது. வேலை செய்தது நோட்டீஸ்.

அக்கா அனுப்பிய படத்தை அப்புறம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இதுவும் நோட்டீஸ்தான். கோர்ஸில் சேரும் பிள்ளை, பணம் கட்டிய பெற்றோர், சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மூவரும் ஆறு மாதம் முன்னேற்றத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் டெஸ்ட் வைப்பதும் அதே நிறுவனம்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2018-இல் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் என்ற ஒரே ஆய்விதழில், ஒரே வருடத்தில், இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வந்தன. அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை. பவேலியர் பங்கேற்ற குழு, ஆக்‌ஷன் கேம்களை மட்டும் எடுத்து, பயன் உண்டு என்றது. சாலா, தத்லிதில், கோபே மூவரும் எல்லா வகை கேம்களையும் எடுத்து, பொதுவான அறிவுத்திறனைக் கேம் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஒரே குவியலைப் பார்த்து இரண்டு தீர்ப்பு எப்படி என்று முதலில் குழம்பினேன். குவியல் ஒன்றல்ல. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்தச் சோதனையைக் "கவனம்" என்று பெயரிடுவது என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடுகிறது.

நான் இரண்டாவது தரப்புப் பக்கம் சாய்கிறேன். ஆனால் முதல் தரப்பு சொல்வதை அப்படியே ஒத்துக்கொண்டாலும் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பழக்கிப் பார்த்த ஆய்வுகளில் அவர்கள் சொல்லும் எஃபெக்ட் சைஸ் சுமார் 0.34. இதை வீட்டுக் கணக்காக மாற்றினேன். பழகியவர்களில் ஒருவர், பழகாதவர்களில் ஒருவர் என்று கண்ணை மூடி எடுத்தால், பழகியவர் அதிக ஸ்கோர் எடுக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. வித்தியாசமே இல்லையென்றால் ஐம்பது. ஆக, ஐம்பதுக்குப் பதில் அறுபது. ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினெட்டாயிரம் கட்டச் சொல்லவும் மாட்டேன்.

இவ்வளவும் எண்களைப் பற்றிய சண்டை. எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் வேறொன்று உறைத்தது, இதுதான் முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன். "கவனம்" என்ற சொல்.

கல்யாண வீட்டில் "கவனம் அதிகம்" என்று நான் சொன்னபோது அக்கா என்ன புரிந்துகொண்டாள்? பையன் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருவான் என்று. எந்த அம்மாவும் அப்படித்தான் புரிந்துகொள்வாள். "கவனமா படி" என்றுதானே நாம் சொல்கிறோம். ஆய்வில் அளந்தது என்ன? பார்வையின் ஓரத்தில் நொடியின் ஒரு துளி நேரம் மின்னிய ஒன்றைத் தவறவிடாமல் பிடிப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். சொல்லப்போனால் கணக்குப் போடும்போது ஜன்னல் ஓரத்தில் போகிற பூனையைப் பார்க்காமல் இருப்பதுதான் அக்கா கேட்கிற கவனம். பஸ் ஓட்டுகிறவருக்கு முதல் வகை தேவை. ஏழாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு இரண்டாவது வகை.

இந்த வித்தியாசம் மருந்துச் சந்தை வரைக்கும் போயிருக்கிறது. 2020 ஜூனில் அமெரிக்க எஃப்டிஏ, 'எண்டெவர் ஆர்எக்ஸ்' என்ற கேமை, கவனக் குறைபாடு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு டாக்டர் சீட்டின் பேரில் கொடுக்க அனுமதித்தது. அதன் முக்கியச் சோதனையில் 348 பிள்ளைகள். கம்ப்யூட்டரில் செய்யும் கவனத் தேர்வில், ஒப்பீட்டுக் குழுவைவிட அந்த கேம் ஆடியவர்கள் மேலே வந்தார்கள். ஒப்பீட்டுக் குழு ஆடியது ஒரு சொல் விளையாட்டு. ஆனால் வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பெற்றோர் போட்ட மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கவனம் ஏறியது. இன்னொரு கவனம் தனியாக ஏறவில்லை.

அப்படியானால் அக்கா கேட்கிற கேள்விக்கு, அதாவது கேம் வந்தால் வீட்டில் படிப்பு என்ன ஆகும் என்பதற்கு, யாராவது நேரடியாகச் சோதனை செய்திருக்கிறார்களா? தேடியதில் ஒன்று கிடைத்தது. எனக்குப் பிடித்த ஆய்வும் இதுதான். 2010-இல் அமெரிக்காவில் ராபர்ட் வைஸ், பிரிட்டனி செரங்கோஸ்கி இருவரும் செய்தது. வீட்டில் கேம் கன்சோல் இல்லாத, 6 முதல் 9 வயதுள்ள 64 பையன்கள். ஆய்வில் சேர்ந்தால் ஒரு பிளேஸ்டேஷன் 2 இலவசம். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அதை உடனே கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு நாலு மாதம் கழித்து. இவ்வளவுதான் சூழ்ச்சி. யாரையும் லேபில் உட்கார வைத்து ஆடச் சொல்லவில்லை; வீட்டில் அவர்கள் பாட்டுக்கு ஆடினார்கள். நாலு மாதம் கழித்துப் பார்த்தால், உடனே வாங்கியவர்களின் வாசிப்பு, எழுத்து மதிப்பெண்கள் காத்திருந்தவர்களைவிடக் குறைவு. ஆசிரியர்கள் சொன்ன படிப்புப் பிரச்சினைகளும் அதிகம்.

மூளை கெட்டுப்போனதாலா? இல்லை. பள்ளி விட்டு வந்தபின் படிப்புக்குப் போன நேரம் குறைந்துவிட்டது. ஒரு நாளில் சாயங்காலம் ஒன்றுதான் இருக்கிறது. இதே இடத்தில் டிவி வந்திருந்தாலும், கிரிக்கெட் கோச்சிங் வந்திருந்தாலும் கணக்கு அப்படித்தான் வந்திருக்குமோ என்று தோன்றுகிறது, அது என் ஊகம். 64 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். பத்துப் பேரைக் குறை சொன்ன நான் இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"பார்த்தியா, கேம் கெடுதல்" என்று உடனே கொடி பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே 2010-இல் அமெரிக்கக் குழந்தைகள் 1,323 பேரை ஒரு வருடத்துக்கு மேல் கவனித்து, டிவி, கேம் அதிகம் பார்க்கிறவர்களுக்குக் கவனப் பிரச்சினை அதிகம் என்று ஒரு ஆய்வு வந்தது. அங்கே யாரையும் குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லை. ஓர் இடத்தில் உட்கார முடியாத பிள்ளையிடம் போனைக் கொடுத்து உட்கார வைக்கிற வீடுகள் எத்தனை! எது முதலில் வந்தது என்ற அதே கேள்வி இங்கேயும். நன்மைக்கு ஆதாரம் கேட்கிறவன் தீமைக்கும் அதே ஆதாரம் கேட்க வேண்டும்.

கேம் ஒன்றுமே கற்றுத்தராதா என்றால், தரும். கேமில் என்ன இருக்கிறதோ அதைத் தரும். டெட்ரிஸில் கெட்டிக்காரர்களைச் சோதித்து சிம்ஸும் மேயரும் 2002-இல் எழுதியதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: டெட்ரிஸ் கட்டை மாதிரியான உருவங்களை மனதில் திருப்புவதில் அவர்கள் மன்னர்கள், மற்ற உருவங்களில் மற்றவர்களைப் போலத்தான். சர்ஜன்கள் பற்றி 2007-இல் வந்த செய்தி நினைவிருக்கலாம். 33 மருத்துவர்களில், முன்பு வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள் லேப்ராஸ்கோபிப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள். அதுவும் வெறும் ஒப்பீடுதான், ஆனால் ஆச்சரியம் குறைவு. திரையைப் பார்த்தபடி, கையால் தொடாமல், கருவியை நகர்த்துவது இரண்டிலும் ஒன்று. ஒன்றில் பழகியது பக்கத்து வீடு வரைக்கும் போகும். அடுத்த ஊருக்குப் போவதில்லை. 1901-லேயே தார்ன்டைக், உட்வர்த் என்ற இருவர் சின்னச் சின்ன அளவிடும் பயிற்சிகளை வைத்து இதைத்தான் கண்டார்கள்.

என் அனுபவமும் அப்படித்தான். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடி விடிய விடிய கிடந்திருக்கிறோம். டிரெபுஷே என்றால் கல்லெறியும் பொறி என்பது எனக்கு இன்றும் தெரியும், அது ஒரு இன்டர்வியூவிலும் உதவவில்லை. லேன் கேபிள் மாட்டவும், ஐபி அட்ரஸ் மாற்றவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதல் வேலையில் அது உதவியது. "கேம் ஆடினேன், சாஃப்ட்வேருக்கு வந்தேன்" என்று இதை வைத்து ஒரு கதை கட்டலாம், பலரும் கட்டுகிறார்கள். அதே ரூமில் அதே கேமை ஆடி ஏழு பேப்பர் அரியர் வைத்த நண்பன் எங்கேயும் போய் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

கேம் பற்றி எழுதியவர்களில் எனக்கு மரியாதை உள்ளவர் ஜேம்ஸ் பால் ஜீ என்ற மொழியியலாளர். தன் சின்னப் பையனுக்காக ஒரு கேமை ஆடப்போய், இது ஏன் இத்தனை கஷ்டமாக இருந்தும் பிள்ளைகள் விடாமல் ஆடுகிறார்கள் என்று யோசித்து 2003-இல் புத்தகம் எழுதினார். நேச்சர் கட்டுரை வந்த அதே வருடம். கேம் ஆடினால் புத்தி கூடும் என்று அவர் விற்கவில்லை. தோற்றால் அடுத்த நொடியே திரும்ப முயலலாம், கஷ்டம் படிப்படியாக ஏறும், தேவைப்படும் நேரத்தில்தான் தகவல் வரும். இப்படி ஒரு நல்ல கேம் கற்றுக்கொடுக்கும் விதத்தைப் பள்ளி ஏன் செய்யவில்லை என்று கேட்டார். அது பள்ளியைப் பற்றிய கேள்வி. அந்த நோட்டீஸ் அடித்தவர்கள் அதைப் படித்திருந்தால் கொஞ்சம் நல்ல கோர்ஸாவது வந்திருக்கும்.

கடைசியாக வியாபாரம். இதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. 2010-இல் பிபிசியுடன் சேர்ந்து 11,430 பேரை ஆறு வாரம் மூளைப் பயிற்சி கேம்கள் ஆடவைத்தார்கள். ஆடிய கேம்களில் எல்லோரும் தேறினார்கள், ஆடாத சோதனைகளுக்கு அது போய்ச் சேரவில்லை. 2016 ஜனவரியில், நிரூபிக்காத பலன்களைச் சொல்லி விற்றதற்காக லுமோசிட்டி நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 20 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்தேன். "கட்டாதே. அந்த ஆய்வு அளந்த கவனம் வேற, நீ கேட்கிற கவனம் வேற. அன்னிக்கு நான் அரைகுறையா படிச்சுட்டு சொல்லிட்டேன்" என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்று தெரியாது. பின்னாலிருந்து பையன், "அப்ப கெடுதலும் இல்லைதானே மாமா?" என்றான்.

"மூளைக்குக் கெடுதல்னு சொல்ல மாட்டேன். நீ ஆடுற அந்த ஒரு மணி நேரம் எதுல இருந்து வருது, அதைச் சொல்லு முதல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவன் வாரத்தில் மூன்று நாள் செஸ் கிளாஸ் போகிறான். திருச்சியில் இப்போது எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள். அதற்கு யாரும் நேச்சர் ஆதாரம் கேட்டதில்லை. "அப்ப செஸ்? செஸ் ஆடினா கணக்கு நல்லா வரும்னு அம்மா சொல்றாங்களே?"

இதையும் படித்துத் தொலைத்திருந்தேன். மேலே சொன்ன கோபே ஒரு காலத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் வாங்கிய செஸ் வீரர். சாலாவும் அவரும் 2016-இல் செஸ் ஆய்வுகளையும் இப்படித்தான் கூட்டிப் பார்த்தார்கள். பயன் இருப்பதாகச் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதே வருடம் இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் நாலாயிரம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவு வந்தது. பாதிப் பள்ளிகளில் வகுப்பிலேயே முப்பது மணி நேரம் வரை செஸ் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து வைத்த கணக்குப் பரீட்சையில், செஸ் படித்த பள்ளிக்கும் படிக்காத பள்ளிக்கும் வித்தியாசமில்லை.

சொன்னேன். இந்த முறை அக்காதான் பேசினாள்.

"போன வாரம்தான்டா அதுக்கு டெர்ம் ஃபீஸ் கட்டினேன்."

அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.